இரும்பை நம்பாத அக்கா

எங்கள் கம்பெனியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், அந்த அக்காவுக்குப் பத்திரிகை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். அக்கா மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். தேதியைப் பார்ப்பார், மண்டபத்தைப் பார்ப்பார், கடைசியில் அட்டையின் கனத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாதமே, மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்த அந்த அட்டை ஏதாவது ஒரு ஹோஸின் அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும்.

ஓடுகிற மெஷினில் ஹோஸ் கசிகிறதா என்று பார்க்கக் கையை வைக்கக் கூடாது. அட்டையை வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். கசிவு இருந்தால் அட்டையில் பொட்டு விழும். அதற்குக் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல அட்டை கும்மிடிப்பூண்டியில் கிடையாது என்பது அக்காவின் கட்சி. என் தங்கை கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரின் தும்பிக்கை முழுக்க எண்ணெய் ஊறியிருந்ததைப் பார்த்துவிட்டு, நான் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அக்கா கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் உள் ரோட்டில் முப்பது பேர் வேலை செய்யும் கம்பெனி அது. பவர் பேக் செய்வோம். ஒரு எண்ணெய்த் தொட்டி, அதன்மேல் மோட்டார், பம்பு, வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ், எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ்கள். இவ்வளவையும் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் அடக்கி, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கொடுக்க வேண்டும். ஹோஸின் மறுமுனையில் ஜாக்கியைப் பொருத்தினால் பாலத்தையே தூக்கலாம். சட்டத்தையும் தொட்டியையும் பற்றவைப்பது என் வேலை. எல்லாவற்றையும் சோதித்து அனுப்புவது அக்காவின் வேலை. அதாவது, ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நான் நினைக்கும்போதெல்லாம் எதிரில் வந்து நிற்பது அக்காவின் வேலை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது பரவாயில்லை, அப்போது ரொம்ப மோசம். நான் சேர்ந்த புதிதில் பற்றவைத்த முதல் தொட்டிக்கு அக்கா என்ன செய்தார் தெரியுமா? வெளிப்பக்கம் வெல்டிங் தையல் முழுக்க சாக்பீஸைக் கரைத்துப் பூசினார். காய்ந்ததும் உள்பக்கம் டீசலைத் தடவிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். நான் பக்கத்திலேயே நின்றேன். பத்து வருஷ வெல்டர் நான். பரீட்சை எழுதிவிட்டு டீச்சர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நிற்க வைத்துவிட்டாரே என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் வெள்ளைப் பூச்சின்மேல் மிளகளவு ஈரம் தெரிந்தது. அக்கா எழுந்து அதைச் சுற்றி மஞ்சள் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டார்.

"அது தகட்டுலயே இருந்திருக்கும்க்கா. என் வெல்டிங்குல இல்ல."

"இருக்கும் நைனா. எதுல இருந்தா இன்னா, எண்ணெ வெளியதான வருது."

"என்னிய நம்பலியா நீ?"

"உம்மேல சந்தேகம் இல்லப்பா. இரும்பு மேலதான்."

எல்லோரிடமும் இதையேதான் சொல்வார். கேட்பவர்களுக்கு நம்மீதுதான் சந்தேகம் என்று பட்டுவிடும். ஆனால் அக்காவுக்கு மனிதர்களிடத்தில் வஞ்சனை கிடையாது. ஆரம்பாக்கத்துப் பக்கம் பிறந்தவர், வாய் நிறைய நைனா போட்டுத்தான் பேசுவார். நம்பாதது பொருள்களை. கேண்டீனில் மின்விசிறிக்குக் கீழே உட்காருமுன் அண்ணாந்து அது ஆடுகிறதா என்று பார்ப்பார். டீக்கடையில் கண்ணாடி கிளாஸின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் வாயில் வைப்பார். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற பிறகும், இது நம் வண்டிதானா என்று இரண்டு பேரைக் கேட்பார். அந்த நேரத்துக்கு அந்தத் தண்டவாளத்தில் வேறு வண்டியே கிடையாது.

அவர் வீட்டுக்காரர் கவரைப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஒருமுறை மழையில் அவர் வண்டியில் போனபோது, அக்கா வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"தெனம் காலீல நான் பிரேக்க மிதிச்சிக் காட்டணும். அப்பறந்தான் நாஷ்டா," என்றார் அவர். "மொத ரெண்டு வருசம் சண்ட போட்டேன். இப்ப அது வெளிய வர்றதுக்கு முன்னாடியே மிதிச்சிக்கினு உக்காந்துக்கிறேன்."

அக்கா சோதித்து முடித்த எதன்மீதும் மூன்று விஷயங்களை அந்த மஞ்சள் மார்க்கரால் எழுதுவார்: என்ன எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணி. கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை எழுத்தாக இருக்கும். அந்த எழுத்து விழாமல் அதுவரை எங்கள் ஷெட்டை விட்டு எதுவும் லாரி ஏறியதில்லை. மேனேஜரே வந்து அவசரம் என்று சொன்னாலும், "பாத்துட்டு ஏத்தலாம் சார்" என்பதுதான் பதில். குரல் உயராது. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பும். சண்டைக்கு வந்தாலாவது சண்டை போடலாம்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காவோடு ஏட்டிக்குப் போட்டியாக நின்றே என் வேலை திருந்திவிட்டது. அவர் வட்டம் போடக் கூடாது என்கிற வீம்பில் நான் தையல்களைப் பார்த்துப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தேன். வரிசையாக எட்டுச் சட்டங்கள், எட்டுத் தொட்டிகள். மஞ்சள் வட்டம் ஒன்றுகூட விழவில்லை. எட்டாவது முடிந்த அன்று அக்கா, "கை படிஞ்சிச்சி நைனா ஒனக்கு" என்றார். அதை என் மனைவியிடம் போய்ச் சொன்னதற்கு, அவள் அதற்கென்ன இவ்வளவு பூரிப்பு என்று கேட்டாள்.

ஒன்பதாவது சட்டத்தில்தான் நான் கெட்டேன்.

பாலம் தூக்குகிற ஒரு கான்ட்ராக்டருக்காகச் செய்த பவர் பேக். பாலத்துக்கு அடியில் சேற்றில் நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்கிப்போக வேண்டும் என்பதால் சட்டம் சின்னது. உள்ளே எல்லாம் நெருக்கம். மூன்று நாள் விடாமல் ஓட்டிக் காட்டினால்தான் எடுத்துக்கொள்வேன் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். பற்றவைக்கும்போது தெறிக்கிற இரும்பு, மணி மணியாகச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும்; ஸ்பேட்டர் என்போம். அவற்றைக் கிரைண்டரால் அடித்து எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் பிராக்கெட்டுக்கு அடியில், உள்பக்கமாக மிச்சம். கிரைண்டரில் டிஸ்க் தேய்ந்துபோயிருந்தது. புது டிஸ்க்குக்கு ஷெட்டின் அந்தக் கோடிக்கு, ஸ்டோருக்குப் போக வேண்டும். சாப்பாட்டு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

அக்கா வேறு ஒரு வேலையில் முழங்கை வரை எண்ணெயோடு இருந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"உள்ள ஸ்பேட்டர்லாம் அடிச்சிட்டியா நைனா?"

"அடிச்சாச்சிக்கா."

டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். வந்தால், அட, ஒன்று விட்டுப்போச்சே என்று சமாளித்துக்கொள்ளலாம். அக்கா வரவில்லை. "சரி, நீ சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டுக் குனிந்து தன் வேலையைப் பார்த்தார். அந்த ஷெட்டில் அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். வெட்கமாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அடித்துவிடலாம் என்று போனேன். திரும்பி வந்தபோது பம்பையும் ஹோஸையும் பூட்டிவிட்டிருந்தார்கள். மிளகளவு இரும்பு மணி ஒன்றுதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது நாள் காலை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்தின் கைப்பிடியில் எண்ணெய்ப் புகை படிந்த மாதிரி ஒரு ஈரம் தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அட்டையைத் தேடவில்லை. ஹோஸின் அடியில் வலது கையை விட்டுத் தடவினேன். உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே, சுருக்கென்று ஒன்று. அவ்வளவுதான். கையை எடுத்துப் பார்த்தால் ஊசி குத்திய புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. கையை உதறிவிட்டு மோட்டாரை நிறுத்தினேன்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். அக்கா எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் புள்ளியைப் பார்த்தார். கேஜைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெளம்பு. ஆஸ்பத்திரி."

"வலியே இல்லக்கா. வுடு."

"வலி இல்லாததுதான் பேஜாரு. உள்ள எண்ணெ பூந்துக்கீது. எண்ணூர்ல ஒரு கம்பெனியில பாத்துக்கிறேன் நான். மறுநாள் பாத்தா அந்தாளுக்குக் கை கறுத்துப் போச்சி. அப்பறம் எடுத்துட்டாங்க."

"எறும்பு கடிச்ச மாதிரி கீது, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்றார் சூப்பர்வைசர். "சாயங்காலம் லாரி வருது."

"எறும்பு கடிச்சா எண்ணெ உள்ள போவாது சார்."

சொல்லிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து மஞ்சள் மார்க்கரை எடுத்தார். என் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, முன்கையில் எழுதினார். ஆயில் 68. 180 பார். 11.20. தொட்டியில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஆட்டோவை வரச் சொன்னார். எனக்குக் கோபம், கூடவே சிரிப்பும். மொத்த ஷெட்டும் பார்த்துக்கொண்டிருக்க, சோதித்து முடித்த சரக்கு மாதிரி ஆட்டோவில் ஏறினேன்.

ரோட்டோரக் கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். புள்ளியைப் பார்த்துவிட்டு, டிடி ஊசி ஒன்று போட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். அக்கா நகரவில்லை.

"சார், பெரிய டாக்டர் யாரையாவது போன்ல ஒரு தபா கேளுங்க. இந்த எழுத்த அப்பிடியே படிச்சிச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

டாக்டர் என் கையைப் படித்தார். "கையில ஏன் எழுதினீங்க?" என்று கேட்டார்.

"சீட்டுன்னா எங்கனா வுட்டுடுவாரு சார்."

பாவம் அந்த டாக்டர், நல்ல மனிதர். போனை எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ பேசப் பேச அவர் முகம் மாறியது. போனை வைத்ததும் அவரே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். சென்னைக்குப் போய்ச் சேருவதற்குள் என் உள்ளங்கை புடைத்து விரல்கள் மரத்துப்போயிருந்தன. அன்று சாயங்காலமே கையைத் திறந்து உள்ளே இருந்த எண்ணெயைக் கழுவினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் கை இல்லை என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னார். வெல்டருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? அந்த வார்த்தையைக் கேட்டபோது என் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அக்கா மறுபடி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடிபட்ட அன்றைக்கே சூப்பர்வைசர் ஹோஸை மாற்றி, அக்காவின் எழுத்து விழாமலே பவர் பேக்கை லாரியில் ஏற்றிவிட்டாராம். ஓட்டை விழுந்த பழைய ஹோஸ் மட்டும்தான் அக்கா கைக்கு வந்திருக்கிறது.

"ஒரே எடத்துல தேஞ்சிக்கீது. ஓட்ட ஆரம்பிச்ச மொதல் நாளு காலீல நான் அத்தப் பூரா பாத்தேன் நைனா. எனக்கு ஒண்ணும் தெரியல." ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு கேட்டார். "அந்த எடத்துல ஸ்பேட்டர் எதுனா இருந்துச்சா? நெஜமா அடிச்சிட்டியா நீ?"

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை. என் கையைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷி கேட்கிறார். ஆனால் மனைவி வாசலில் தெர்மாஸோடு வந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தால், நானே என் கையில் குத்திக்கொண்டேன் என்று ஆகிவிடும்.

"அடிச்சிட்டேன்க்கா," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். கையை அறுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவன் பொய் சொல்வான் என்று யார்தான் நினைப்பார்கள்?

நாற்பது நாள் வீட்டில் இருந்தேன். பார்க்க வந்தவர்கள் சொன்ன சேதிகள்தான் என்னை அரித்தன. அக்கா ரிப்போர்ட்டில், ஹோஸில் இருந்த குறை தன் கண்ணில் படவில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார் ஒருவர். இப்போதெல்லாம் ஒரு வேலையை மூன்று தடவை பார்க்கிறார், பார்த்துவிட்டு, "நீ ஒரு தபா பாரேன்" என்று போகிற வருகிறவர்களைக் கூப்பிடுகிறார் என்றார் இன்னொருவர். திருவள்ளூரில் கண் டாக்டரிடம் போனாராம். கண்ணில் ஒன்றுமில்லை என்றார்களாம். நம்பாமல் சென்னைக்குப் போனாராம். அங்கேயும் அதையே சொன்னார்களாம். கடைசியாக வந்தவர், அக்கா தானே மேனேஜரிடம் கேட்டுப் பேக்கிங்குக்கு மாறிக்கொண்டதாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்ப்பது ஒன்றுதான் அக்காவுக்குத் தெரிந்த வேலை. அதை அவரிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். ஒரு மிளகளவு இரும்புக்காக.

திரும்பிப்போன அன்று முதலில் பேக்கிங் மேஜைக்குத்தான் போனேன். அக்கா ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் மார்க்கர் இல்லை. மூக்கில் புதுக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் கையை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் பாதிதான் மடங்கியது.

"அக்கா, நான் அடிக்கல," என்றேன்.

"இன்னாது?"

"ஸ்பேட்டரு. பிராக்கெட்டுக்கு அடியில ஒண்ணு இருந்துச்சி. அடிச்சேன்னு பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியிலயும் பொய்தான் சொன்னேன்."

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். ஹோஸ் வளையுதே, அங்க."

அக்கா என் விரலை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹோஸ் எப்படிப் போகிறது, அது எங்கே உரசும் என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். திட்டட்டும், எல்லோர் எதிரிலும் அறையட்டும் என்றுதான் நான் நின்றிருந்தேன். கண்ணைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் கீது," என்றார்.

பாதி ஒட்டிய பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போய், முதலில் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு அந்த பிராக்கெட்டைப் பார்க்கச் சொல்ல வைத்தார். மறுநாள் பழைய இடத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் தடாவில் வேறு கம்பெனிக்குப் போகும்வரை மூன்று வருஷம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. என் வீட்டுக்கு வந்தார், என் பெண்ணின் காதுகுத்துக்கு முதல் ஆளாக நின்றார். ஷெட்டில் மற்ற வெல்டர்களிடம், "ஸ்பேட்டர்லாம் அடிச்சிட்டியா நைனா?" என்று கேட்டுவிட்டுத்தான் டார்ச்சை எடுப்பார். என் சட்டத்துக்கு வரும்போது ஒன்றும் கேட்கமாட்டார். நேராகக் குனிந்து பார்ப்பார்.